இன்றைக்குக் கட்டிய பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்குப் பிரவீன் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பட்டாசுக் கம்பெனியின் கணினிப் பிரிவை இப்போது கவனித்துக்கொள்பவர். பதற்றப்படாத மனிதர். அன்று குரல் உடைந்திருந்தது.

"மேடம், தாயில்பட்டி வேன்ல வந்த லேடீஸ் யாரும் உள்ள போக மாட்டேங்கிறாங்க. கேட்லயே நிக்கிறாங்க."

"என்னவாம்?"

"ஸ்கிரீன்ல கடைசி வரி இல்லையாம். அந்த வரி எதுக்கு மேடம்?"

அன்றுதான் யார் எந்த அறையில் என்று காட்டும் அறைப் பட்டியல் மென்பொருளைக் கிளவுடுக்கு மாற்றியிருந்தார்கள். திரையையும் புதிதாக வரைந்திருந்தார்கள். பழைய திரையின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'இந்தப் பட்டியல் இன்று காலை 6.42க்குக் கட்டப்பட்டது'. மணியும் தேதியும் தினம் மாறும். வேனில் இருந்து முதலில் இறங்கும் பெண் அதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனிடம், "இன்னைக்குள்ளதா?" என்பார். அவர் திரையைப் பார்த்து, "இன்னைக்குள்ளதுதான்" என்பார். பிறகு எல்லோரும் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போவார்கள். பிரவீன் இதை ஏதோ சகுனம் பார்க்கிற வழக்கம் என்று நினைத்திருக்கிறார். புதுத் திரையில் இடத்தை அடைக்கிறதே என்று எடுத்துவிட்டார்.

வரியைத் திரும்பப் போடுங்கள், காரணத்தை எழுதித் தருகிறேன் என்றேன். போட்டார், பெண்களும் உள்ளே போனார்கள். சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விருதுநகரில் டைப்ரைட்டிங் முடித்தேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தேதி கோக்கிற வேலையில் கணினி பழகினேன். பிறகு இந்தக் கம்பெனிக்கு வந்து, முப்பத்தெட்டு வயதில், என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து ஜாவா படித்தேன். முதல் மூன்று மாதம் ஒன்றும் புரியவில்லை. நாலாவது மாதம் புரிந்தது.

மேனேஜர் ராஜரத்தினம் சார்தான் அந்த மென்பொருளைக் கேட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையிலும் மதியமும் அறை அறையாக நடப்பார். பட்டாசு அறைக்குள் செருப்புப் போடக் கூடாது, வாசலில் கழற்றிவிட வேண்டும். சார் உள்ளே எட்டிப் பார்க்கவே மாட்டார். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவார். ஓர் அறைக்கு நாலு பேர் என்றால் நாலு ஜோடி. ஐந்தாவது ஜோடி கிடந்தால் அங்கேயே நின்றுவிடுவார். யாரையும் திட்டமாட்டார். உள்ளே இருந்து ஒருத்தி வெளியே வரும்வரை நிற்பார், அவ்வளவுதான். அதைவிடத் திட்டிவிட்டுப் போகலாம் என்று பெண்கள் சொல்வார்கள்.

"எம்புட்டு செருப்பைத்தான் நானும் எண்ணுறது? கேட்ல கார்டைக் காட்டுனதும் இன்னாரு இன்ன அறைன்னு ஒரு இடத்துல தெரியணும். ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா உள்ள எத்தன பேருங்கிறதுக்கு ஒரே பதில்தான் இருக்கணும்மா" என்றார்.

அந்த ஒரே பதிலைத் தருவதற்காகத்தான் அறைப் பட்டியல் வந்தது. ஜாவாவில் எழுதி, மேவன் என்ற கருவியால் கட்டி, டாம்கேட் என்ற சர்வரில் ஓடவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் தானாக நடக்கிறது. அன்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் தேவை, அந்த ஆள் நான். எழுதிய கோப்புகள் ஒரு கோப்புறையில் இருக்கும். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்ல 'பாம்' என்ற கோப்பு ஒன்று உண்டு. பட்டாசுக் கம்பெனியில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாதீக என்று வருகை பதிகிற டைம் ஆபீஸில் என்னைக் கிண்டல் செய்வார்கள். மேவன் அந்தக் கோப்பைப் படித்து, தேவையான நிரல் துணுக்குகளை இணையத்தில் இருந்து இறக்கி, எல்லாவற்றையும் 'டார்கெட்' என்ற கோப்புறையில் சேர்த்து, ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும். பொட்டலத்தை டாம்கேட்டில் வைத்தால் பக்கம் திறக்கும்.

வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் அப்போது இணையம் இல்லை. சிவகாசி டவுன் ஆபீஸில்தான் உண்டு. ஆகவே கணினியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், ஒருமுறை கட்டிப் பார்த்து, துணுக்குகள் எல்லாம் இறங்கியதும் திரும்பக் கொண்டுவந்தேன். அதன் பிறகு இணையம் இல்லாமலே கட்டலாம். நல்ல ஏற்பாடு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஓட்டை எங்கே இருந்தது என்றால், மேவனில் 'கிளீன்' என்று ஒரு கட்டளை உண்டு. முன்பு கட்டியதை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டு என்று அர்த்தம். அதற்கும் ஒரு துணுக்கு தனியாக இறங்க வேண்டும். டவுனில் நான் கிளீன் கொடுக்கவில்லை. அங்கே எல்லாமே புதிது, வழிக்க என்ன இருக்கிறது? தொழிற்சாலைக்கு வந்து கொடுத்தபோது, துணுக்கு இல்லை என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு வழிக்காமலே கட்டுவோம் என்று விட்டேன். அது தீபாவளி சீசன். அடுத்த முறை மூன்று மாதம் வரவே இல்லை.

அதற்குள் பெண்கள் ஒரு குறை சொன்னார்கள். காலையில் ஓர் அறை கொடுக்கிறீர்கள், பத்து மணிக்குப் போர்மேன் வேறு அறைக்குப் போகச் சொல்கிறார், பட்டியலில் பழைய அறையே நிற்கிறது என்றார்கள். நியாயம். டைம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு திரையும் கார்டு படிக்கிற கருவியும் வைத்தேன். அறை மாறுகிறவர் அங்கே வந்து கார்டைக் காட்டிப் புது அறை எண்ணை அழுத்திவிட்டுப் போக வேண்டும். அந்த மாற்றத்தையும் காட்டும் புதுப் பக்கம் ஒன்று எழுதி, பழைய பக்கத்தை என் கோப்புகளில் இருந்து அழித்தேன்.

அழித்தது என் கோப்புகளில் மட்டும்தான். டார்கெட் கோப்புறையில் அது கிடந்தது. வழிக்காமல் கட்டியதால், பழைய பக்கமும் புதுப் பக்கத்தோடு பொட்டலத்தில் ஏறிப் போயிற்று. டைம் ஆபீஸ் கணினியில் புதுப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். என் மேசைக் கணினியில் பழைய பக்கத்துக்கான குறுக்குவழி அப்படியே இருந்தது. பக்கம் ஒழுங்காக அழிந்திருந்தால், அதை அழுத்தும்போது 'பக்கம் இல்லை' என்று வந்திருக்கும். எனக்கும் புத்தி வந்திருக்கும்.

அடுத்த வாரம், காலை பதினொன்று ஐந்துக்குப் பதினான்காம் அறையில் தீப்பிடித்தது.

சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்பக்க அறைக்காரர்கள் கேட்டுக்கு வர வேண்டும். பின்பக்க அறைகளில் இருப்பவர்கள் எரிகிற அறையைத் தாண்டி வராமல் மேற்கு வேலி வாசலுக்குப் போக வேண்டும். நான் பட்டியலைத் திறந்து பெயர்களைப் படிக்க வேண்டும். சார் அன்று ஒரு கூட்டத்துக்காக விருதுநகர் போயிருந்தார்.

நான் குறுக்குவழியை அழுத்தினேன். தயங்காமல் திறந்தது. பதினான்காம் அறைக்கு நாலு பெயர். மூன்று பெண்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு முந்தானை கருகியிருந்தது, வேறு காயமில்லை. நாலாவது பெயர் முத்துலட்சுமி.

அவருடைய கணவர் கருப்பசாமி வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். ஓடி வந்து என் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"மேடம், லட்சுமி எங்க?"

"பதினாலுலதான் காட்டுது" என்றேன்.

"வெளிய வந்தவுகள்ல இல்லையே."

"இங்க பதினாலுன்னுதான் இருக்கு" என்றேன் மறுபடியும்.

இரண்டாவது முறை சொன்ன அந்த வாக்கியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை, அவரோடு அறையில் இருந்தவர்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, உறுதியாகச் சொன்னேன். அவர் ஓடினார். இரண்டு பேர் பிடிக்கப் பார்த்தார்கள்; முடியவில்லை. அவர் கதவருகே போனபோது உள்ளே மிச்சம் இருந்த சரக்கு ஒரு தரம் பிடித்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்து போயின. இழுத்துப் போட்டார்கள்.

பத்து நிமிடம் கழித்து மேற்கு வேலியைச் சுற்றிக்கொண்டு முத்துலட்சுமி வந்தார். அவர் பின்பக்கம் இருக்கும் ஒன்பதாம் அறையில் இருந்திருக்கிறார். அங்கே ஒருத்தி காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனதால், போர்மேன் அவரை அங்கே போகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் கம்பெனி விசாரித்தது. அறை மாறச் சொன்னேன், பதியவும் சொன்னேன், பதிந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது என்றார் போர்மேன். டைம் ஆபீஸ்காரர் அந்த நேரத்தில் டீக்குப் போயிருந்தார். நான் பழைய பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அதில் முத்துலட்சுமி பதினான்கில் இருந்தார். தொழிலாளி பதியாமல் அறை மாறினார் என்று எழுதி முடித்தார்கள். 'நான் பதிஞ்சேன்' என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரை ஒரு மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வாசல்ல செருப்பைப் பாத்தீகளாம்மா?"

பார்க்கவில்லை. மூன்று ஜோடிதான் கிடந்திருக்கும். அவர் இருந்திருந்தால் எண்ணியிருப்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ வேலையாக டைம் ஆபீஸ் கணினியில் உட்கார்ந்தேன். விபத்து நாளின் பட்டியலை அங்கே திறந்தேன். முத்துலட்சுமி, அறை ஒன்பது, மாறிய நேரம் பத்து இருபது. என் மேசைக்கு ஓடிப் போய்க் குறுக்குவழியை அழுத்தினேன். முத்துலட்சுமி, அறை பதினான்கு. இரண்டு பக்கம், இரண்டு பதில். அந்தப் பெண் நடந்து வந்து, ஒழுங்காகக் கார்டைக் காட்டி, எண்ணை அழுத்திவிட்டுத்தான் போயிருக்கிறார். தப்பு முழுக்க என்னுடையது.

சாரிடம் அதை வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். நடுவில் மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தேன். வேலை போய்விடுமோ என்று பயம். போலீஸ் வருமோ என்று பயம். பயந்தேன் என்பதைத் தவிர அந்த மூன்று நாளுக்கு என்னிடம் வேறு கணக்கு இல்லை. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சார் முழுவதையும் கேட்டார்.

"அந்தப் பிள்ள பதிஞ்சிட்டுத்தான் போச்சா?"

"ஆமா சார்."

"அப்ப இதை மொதல்ல அந்தப் பிள்ளகிட்டல்ல சொல்லணும்? எங்கிட்ட எதுக்கு வந்து நிக்கீக?"

விசாரணைத் தாளை எடுத்தார். பழைய முடிவை அடித்துவிட்டு, கணினிப் பிரிவின் தவறு, தொழிலாளி மேல் குற்றமில்லை என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் கருப்பசாமி கட்டிலில் இருந்தார். இரண்டு கையிலும் கட்டு. முத்துலட்சுமி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றதும் அவருடைய மாமியார்தான் பேசினார்.

"வாங்க. எம் மகன் கையைப் பாக்க வந்தீகளா? இவ ஒளுங்கா எளுதிட்டுப் போயிருந்தா எதுக்கு இந்தக் கதி?"

"எழுதிட்டுத்தான் போனாங்கம்மா" என்றேன். உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கம், பொட்டலம், வழிக்காமல் விட்டது. பாதி அவர்களுக்குப் புரியாது என்று நினைத்தேன். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். கருப்பசாமி கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"நேத்து மருந்துல மிச்சம் கெடந்தா, அதை வளிச்சு வெளிய கொண்டுபோய் அளிச்சிட்டுத்தான் இன்னைக்குக் கலக்கணும். எங்களுக்கு மொதநாள் சொல்லிக் குடுக்கிறதே அதுதான். உங்க படிப்புல அதைச் சொல்லித் தரலையா மேடம்?"

சொல்லித் தந்தார்கள், நான்தான் செய்யவில்லை என்றேன். மன்னிப்பும் கேட்டேன். முத்துலட்சுமி சோற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

"இங்கன வந்து சொல்லிட்டீக, சரி. எம் பேரு இங்கனயா கெட்டுச்சு? வேன்லல்ல கெட்டுச்சு. புருசன் கையைத் தீச்சவன்னு பேசுறாகளாம். நாளைக்குக் காலையில வேன்ல ஏறி அங்க சொல்லுங்க. நானும் வாரேன்."

மறுநாள் ஏழு மணிக்கு, ஊருக்கு ரோடு பிரிகிற தாயில்பட்டி விலக்கில் அந்த வேனில் ஏறினேன். இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். ஆபீஸ்காரி வேனில் ஏறி யாரும் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேவன், டாம்கேட் என்றெல்லாம் ஆரம்பித்தால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. "பழைய சரக்கு கிடந்த பெட்டியைக் காலி பண்ணாமலே புதுச் சரக்கைப் போட்டு அனுப்பிட்டேன். எடுத்துப் பாக்கும்போது என் கையில பழைய சரக்கு வந்துச்சு. முத்துலட்சுமி பதிஞ்சிட்டுத்தான் அறை மாறினாங்க. தப்பு என் பேர்ல" என்றேன்.

பின் சீட்டில் இருந்து பேக்கிங்கில் வேலை பார்க்கும் சுடலியம்மா கேட்டார்.

"பெட்டியைத் தட்டிக் கொட்டிட்டுத்தான் சரக்கு போடணும்னு எங்களுக்கே தெரியும். அம்புட்டு படிச்சு, சம்பளமும் வாங்கி, இதுகூடவா தெரியல?"

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். யாரோ நகர்ந்து முத்துலட்சுமிக்கு முன் சீட்டில் இடம் விட்டார்கள். எனக்கு யாரும் இடம் விடவில்லை. வெம்பக்கோட்டை தாண்டும் வரை நின்றேதான் போனேன்.

கேட்டில் இறங்கியதும் முத்துலட்சுமி நேரே திரையிடம் போனார். மேலும் கீழும் பார்த்தார்.

"இது இன்னைக்குள்ளதா?" என்றார் என்னிடம்.

அந்த வாரமே டவுனுக்குப் போய்க் கிளீன் துணுக்கை இறக்கி வந்தேன். தினமும் காலை ஆறரைக்கு டார்கெட் கோப்புறையை முழுக்க வழித்துவிட்டு, முதலில் இருந்து கட்டும்படி வைத்தேன். மேவன் கட்டி முடிக்கிற நேரத்தை அதுவே பக்கத்தின் அடியில் எழுதும்படி பாம் கோப்பில் சேர்த்தேன். அந்த வரியைக் கையால் யாரும் எழுத முடியாது, கட்டினால்தான் மாறும். ஒரு எழுத்துக்கூட மாறாத நாளிலும் எதற்குத் தினமும் கட்ட வேண்டும் என்று பிற்பாடு வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மருந்து அறையைத் தினமும் எதற்குப் பெருக்குகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

கருப்பசாமியால் மருந்து கலக்க முடியாமல் போயிற்று. விரல்கள் மடங்கவில்லை. சார் அவரைக் கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார். முத்துலட்சுமி அன்று கேட்டதைத் திங்கட்கிழமை முதல் வேனில் வந்த எல்லோரும் கேட்டார்கள். பதினைந்து வருடமாகத் தினமும் "இன்னைக்குள்ளதுதான்" என்று பதில் சொல்கிறவர் அவர்தான். அந்தச் சம்பவத்தின்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்கள்கூட இப்போது கேட்கிறார்கள். ஏன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வரியின் கதை இதுதான். மீதி பிரவீனுக்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நீங்கள் மறுபடி போன் செய்து, வரியைப் போட்டாயிற்று, எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்றீர்கள். எந்தத் தேதி காட்டுகிறது என்று கேட்டேன். இன்றைய தேதி என்றீர்கள். இன்றைக்குக் கட்டினீர்களா என்றேன். "இல்ல மேடம், கட்டுனது வெள்ளிக்கிழமை. அவங்க பாக்கறது இன்னைக்குத் தேதியைத்தானே? ஸ்கிரீன் தொறக்கறப்ப அன்னைக்குத் தேதியைக் காட்டற மாதிரி வச்சிட்டேன். இனிமே பிரச்சினையே வராது" என்றீர்கள். சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

நான் சொன்னதும் அன்றே அதை எடுத்துவிட்டு, இப்போதைக்குத் தினமும் நிஜமாகவே கட்டுகிறீர்கள், அதற்கு நன்றி. புது முறையில் தினமும் கட்டத் தேவையில்லை என்கிறீர்கள். அதற்கான காரணங்களைச் சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டியது என்றால் அப்படியே காட்டுங்கள், ஏன் என்று அவர்களிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை அவர்கள் பார்த்துவிட்டு உள்ளே போனது பொய்த் தேதி. அதைப் பார்த்து "இன்னைக்குள்ளதுதான்" என்று சொன்னவர் கருப்பசாமி. வரிசையில் முதலில் நின்று கேட்டவர் முத்துலட்சுமி. இதுவரை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம்.

நாளைக் காலை வேன் ஏழு மணிக்குத் தாயில்பட்டி விலக்குக்கு வரும். இன்று முத்துலட்சுமிக்குப் போன் செய்தேன். விவரம் எதுவும் சொல்லவில்லை. ஆபீஸில் இருந்து ஒருத்தர் நாளைக்கு உங்கள் வேனில் வருவார் என்று மட்டும் சொன்னேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. "என்ன தப்பு பண்ணுனாரு?" என்றார்.